துளை போட்ட தோசைக்கல்

பீலெஃபெல்ட், ஜேர்மனி,
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் கவிசாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீ சுவீடனில், அந்தக் குளிருக்குள், சுகமாக இருக்க ஹம் கோயில் அம்மனை வேண்டுகிறேன். போனில் பேசினால் நான் அழத் தொடங்குகிறேன், நீயும் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதுதான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை பாராதே. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு திரிந்ததற்கு இதையாவது ஆறுதலாக வாசி.

நான் சாப்பிடுகிறேன், பயப்படாதே. அடுத்த கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவின் சப்பாத்து இன்னும் வாசலில்தான் இருக்கிறது. ஒன்றில் மட்டும் நூல் கட்டியிருக்கிறது. மற்றதைக் கட்டக் குனிந்தவர்தான், பிறகு எழும்பவில்லை. எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கார் விசயத்துக்கு வருகிறேன். அப்பாவின் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அன்றே நீ வெளிக்கிட்டாய். கராஜ் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. காரையும் இஞ்சினையும் வித்துப்போடுங்கோ அம்மா, எனக்கு அதைப் பார்க்க ஏலாது என்றாய். சரி என்று, அப்பாவோடு ஒன்றாக வேலை செய்த பேனாட் அண்ணையிடம் சொன்னேன். அவர் காரை வாங்க ஒரு ஜேர்மன் பெடியனைக் கூட்டி வந்தார்.

போன வருசம் நீ சுவீடன் போன பிறகு நானும் கராஜுக்குப் போகவில்லை, இப்போது அவர்களோடுதான் போனேன். நீ விட்டது போலவே கிடக்கிறது. அந்தச் சின்னச் சிவப்புக் கார் முன்மூடி இல்லாமல் நிற்கிறது. அதற்கு மேலே ஆறு சிலிண்டர் இஞ்சின் சங்கிலியில் தொங்குகிறது. பெரிய கியர்ப்பெட்டி கொள்ளவில்லை என்று நீயும் அவரும் காரின் நடுத்தளத்தை வெட்டி ஒட்டினீர்களே, அந்த ஒட்டும் தெரிந்தது. அந்த நாட்களில் உங்கள் இரண்டு பேருக்கும் சோறு அங்கேதான் கொண்டுவருவேன். கழுவாத கையோடு சாப்பிடுவீர்கள்.

பிறகு நடந்ததும் எனக்கு மறக்கவில்லை. இஞ்சினைக் காருக்குள் இறக்க எல்லோரும் கூடி நின்ற அன்று, முன்னுக்குப் பாரம் கூடுது அப்பா, வேகமும் கூடுது, முதல்ல நிக்கிற வழியைப் பாருங்கோ, பிறகு ஓடுற வழியைப் பாப்பம் என்றாய். அவரோ, யூனிவெசிற்றியில பிரேக் பிடிக்க மட்டும்தான் படிப்பிச்சவங்களோ பிள்ளை என்றார். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பேனாட் அண்ணையும் சிரித்தார். நீ கையில் இருந்த நட்டுக் கழற்றும் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தாய். அடுத்த மாதம் சுவீடனில் வேலை எடுத்தாய்.

இனித்தான் சொல்ல வந்தது. போன கோடையில் வீட்டுக்கு ஒரு பாரமான பெட்டி வந்தது. திறந்தால் உள்ளே வட்டமாக நாலு இரும்புத் தட்டு, ஓரமெல்லாம் துளை. இதென்னப்பா, துளை போட்ட தோசைக்கல்லோ என்று கேட்டேன். ஓமோம், உனக்குத்தான் வாங்கினனான், வாத்துப் பார், மா ஒழுகினா என்னைப் பேசாதை என்று சிரித்துக்கொண்டு தூக்கிக்கொண்டு போனார். நானும் அதோடு மறந்துவிட்டேன்.

அந்தப் பெடியன் கார்ச் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி லைற் அடித்துப் பார்த்தான். பார்த்துவிட்டு பேனாட் அண்ணையிடம் ஏதோ கேட்டான். எல்லோரும் முதலில் இஞ்சினைப் பூட்டிவிட்டுத்தான் பிரேக்கைப் பற்றி யோசிப்பார்களாம், இங்கே இஞ்சின் தொங்குது, பிரேக் பெரிசாக மாற்றிக் கிடக்குது, இது ஆரின்ர வேலை என்று கேட்டானாம். நானும் குனிந்து பார்த்தேன். சில்லுக்குள்ளே என் தோசைக்கல்.

பேனாட் அண்ணையும் குந்தி அந்தத் தட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, தங்கச்சி, உன்ர மனுசன் கவிசா சொன்னதைத்தான் செய்து வைச்சிருக்கிறான், எங்கள் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை, ஒரு வருசமா இஞ்சினைத் தொங்க விட்டிட்டு இதைத்தான் செய்திருக்கிறான் என்றார். அண்டைக்குச் சிரிச்ச வாயால இப்ப என்னத்தைச் சொல்ல என்று கண்ணைத் துடைத்தார்.

உனக்குப் போன் எடுத்துக் கதையுங்கோ என்று நான் அவரிடம் ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை, பிள்ளை. பாப்பம் பாப்பம், வேலை முடியட்டும் என்பார். என்ன வேலை என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

பெடியன் சனிக்கிழமை வண்டியோடு வந்து ஏற்றுவதாகச் சொன்னான். மகளைக் கேட்டுத்தான் சொல்லுவேன் என்று அனுப்பிவிட்டேன்.

இன்னொன்று. மூன்று சில்லுக்குத்தான் பூட்டியிருக்கிறார். நாலாவது பிரேக் தட்டு பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் இதென்ன என்று கேட்கிறார்கள். மகளின்ர சாமான் என்று சொல்கிறேன்.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு லீவு கிடைக்காது என்றாய். இன்னொரு தரம் கேட்டுப் பார், குஞ்சு. இஞ்சினை இறக்கு என்று நான் கேட்கவில்லை. காரை விற்பதென்றாலும் நீ சொன்னபடியே விற்போம். ஆனால் மூன்று சில்லுக்கு மட்டும் பூட்டியபடி அதை அடுத்தவன் கையில் கொடுக்க எனக்கு மனம் இல்லை. நாலாவதைப் பூட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. நீ வந்தால் லைற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். சோறும் கொண்டுவருவேன்.

கராஜ் கதவுத் திறப்பு பழைய ஆணியிலேயே தொங்குகிறது. அம்மன் உன்னைக் காப்பாற்றுவாள். நீ நல்லாக இருக்க வேண்டும். வழியெல்லாம் பனியாம், காரில் வருவதென்றால் பார்த்து வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
சந்திரகாந்தி