டைகரின் ஈறில் ஒரு கட்டி

டைகரை எங்களிடம் விட்டுவிட்டுப் போன என் அருமை அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடிய கையோடு எழுதியிருக்க வேண்டிய கடிதம். அப்போது நான் பிள்ளைத்தாய்ச்சி, எழுத மனசு வரவில்லை. இப்போது உங்கள் பேத்தி மீனு கரமனை வீடு முழுக்கத் தவழ்கிறாள். கொல்லைப்பக்கம் போனால் டைகரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்பாள். அவன் வாய்க்குள் கையை விடுவாள். அவனும் பேசாமல் இருப்பான்.

அந்த வாய்க்குள்தான் அப்பா, ஒரு கட்டி வந்தது. மேல் ஈறில், முன்பல்லை ஒட்டி, சுண்டைக்காய் அளவில், இளஞ்சிவப்பாக. பலாப்பழக் காலம். நீங்கள் பழக்கிவிட்டபடி, மரத்தடியில் விழுகிற சுளையெல்லாம் அவனுக்குத்தான். அம்மா எட்ட நின்றே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சக்கைப் பிசின்டீ, ஒட்டிண்டிருக்கு. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய், விட்டுடும்."

பி.எஸ்ஸி. படித்த நானும் தினம் தேய்த்தேன். பிசின் விடவில்லை. ரத்தம்தான் வந்தது.

மிருக ஆஸ்பத்திரி மலையாள டாக்டர் அவன் வாயைத் திறந்ததும் எண்ணெய் வாசனை. "எந்தா, நாயை வறுக்கான் போவுன்னோ?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, வயதான நாய்களுக்கு ஈறில் இப்படிச் சதை வளர்வதுண்டு, அடியோடு எடுக்க வேண்டும், கெட்டதாக இருந்தால் மறுபடி வளரும் என்றார். குழந்தைக்கு ஒட்டுமா என்று கேட்டேன். ஒட்டாது என்றார். தலையை ஆட்டினேனே தவிர, நம்பவில்லை.

அந்த வாரமே மீனுவின் கீழ் ஈறு வீங்கியது. நடுவில் வெள்ளையாக ஒரு புடைப்பு. ஒரே ஜொள்ளு, அழுகை. உங்கள் மாப்பிள்ளைதான் அதிகம் பேசமாட்டாரே. "வித்துராவில் ஆபீஸ் சினேகிதர் தோட்டம் இருக்கு. டைகரை அங்கே விட்டுடலாம்" என்றார். நான் மறுக்கவில்லை அப்பா. சங்கிலியைத் தேடி எடுத்து வைத்தேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மறுநாள் குழந்தை டாக்டரம்மா மீனுவின் ஈறை விரலால் தடவிப் பார்த்தார். "பல்லாணு மோளே, பல்லு! போய்ப் பாயசம் வைக்கு."

வீட்டுக்கு வந்ததும் சங்கிலியை மறுபடி ஆணியில் மாட்டினேன்.

டைகருக்குக் கட்டியை எடுத்தாகிவிட்டது. காலையும் மாலையும் உப்புத் தண்ணீரால் வாய் கழுவ வேண்டும். அந்த நேரம் பார்த்து மீனு என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. யார் கழுவுகிறார்கள் என்கிறீர்கள்? அவன் வால் புடவையில் பட்டாலே குளிக்கப் போவாளே, உங்கள் சம்சாரம், அவளேதான். முழங்காலால் அவனை அணைத்துக்கொண்டு, "திறடா வாயை, கடன்காரா" என்கிறாள். கழுவி முடித்ததும் நேரே குளியல். "உங்கப்பாவுக்கு எழுதறயானா, நான் ஒண்ணும் மாறிடலைன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

கட்டி திரும்ப வருமா, தெரியாது. வந்தால் டாக்டரிடம்தான் கூட்டிப்போவேன், வித்துராவுக்கு இல்லை. தினமும் காலை வெளிச்சத்தில் இரண்டு வாயையும் திறந்து பார்ப்பேன் அப்பா. முதலில் மீனு, பிறகு டைகர். அந்த வரிசை மட்டும் மாறாது.

மீனுவுக்கு அம்மா, டைகருக்கு அக்கா,
உங்களுக்கு என்றும் மகள்,
ராஜி