ஜிலேபி யார் கைக்கு வரும்

16 ஜூன் 2025
ஆறாம் வகுப்பு. கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பின்னாலிருந்து “ஸ்ஸ்ஸ்” என்று சத்தம். யாரென்று கேட்டால் எல்லாரும் குனிந்து எழுதுகிறார்கள். பென்னாகரத்தில் அந்த வீடியோவைப் பார்க்காதவர் யாரும் மிச்சமில்லை போல.

17 ஜூன்
பாதத்தில் தோல் உரிகிறது. போன வாரம் மாடி அறைக்குப் பால் காய்ச்சிய அன்று, பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சத்யராஜ் பின்னால் வந்து தன் செல்லப் பாம்பை என் கழுத்தில் போட்டார். பெங்களூரில் வாங்கிய சின்ன ரக ஆப்பிரிக்க மலைப்பாம்பு, பெயர் ஜிலேபி. விஷமில்லை என்று எனக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லையே. வாளியோடு விழுந்தேன். மாமியார் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அதைப் படம் பிடித்து வேறு போட்டிருக்கிறார். எடுங்க என்றேன்.
“இதுக்குப் போய் மூஞ்சத் தூக்கறியே. எவ்ளோ பேரு பாத்திருக்காங்க தெரியுமா?”
பெண்டாட்டி கால் வெந்தது வேடிக்கையா? விடமாட்டேன்.

29 ஜூன்
பாம்புக்கு இனி நானே தீனி வைக்கிறேன் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். ஐஸில் உறைந்த எலியை வெந்நீரில் போட்டு எடுப்பது அவருக்குக் குமட்டும்.
எனக்குப் பயம். இருக்கட்டும்.

3 ஆகஸ்ட்
ஜிலேபியின் குணம் பிடிபட்டுவிட்டது. அவர் பருந்து மாதிரி மேலிருந்து அமுக்கித் தூக்குவார். தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும். அடங்கிவிட்டது என்று நினைக்கிறார். அது பயம். மாமியார் தொம் தொம்மென்று நடந்து வந்தாலே கூண்டில் கவிழ்த்து வைத்த சட்டிக்குள் ஓடிவிடும். நான் பக்கவாட்டில் கையை நீட்டிக் காத்திருப்பேன். நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, தானே முழங்கை வரை ஏறும். அதற்குக் கண் மட்டம். மணமும் சூடும்தான் எல்லாம். கையில் எலி நாற்றம் இருந்தால் கையே எலி. சோப்புப் போடாமல் நான் தொடுவதில்லை.
அவர் எதையும் கழுவுவதில்லை.

19 ஆகஸ்ட்
ஞாயிற்றுக்கிழமை நண்பர்களைக் கூப்பிட்டு லைவ் போடப்போகிறாராம். ஜிலேபிக்கு முத்தம் கொடுப்பாராம்.
இந்த வாரம் தீனி வைக்கவில்லை.

24 ஆகஸ்ட்
முகம் துடைக்கத் துண்டு கேட்டார். எலியைச் சுற்றி வைத்திருந்த துண்டைக் கொடுத்தேன்.
ஜிலேபியை முகத்தருகே கொண்டுபோனதும் ஒரே பாய்ச்சல். கன்னத்தைக் கவ்விக்கொண்டது. லைவ் ஓடுகிறது. நண்பர்கள் வாசலுக்கு ஓடிவிட்டார்கள். “எடு நிர்மலா, எடு” என்று அழுதார்.
“ஆடாதீங்க. இழுத்தா பல்லு உள்ளயே நின்னுக்கும்.”
நின்றார். நான் சொன்னபடி நின்றார். பாம்பின் வாய் ஓரத்தில் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழற்றினேன்.
இன்னும் சீக்கிரம் கழற்றியிருக்கலாம். மனசு வரவில்லை.

26 ஆகஸ்ட்
பாம்பை ஒகேனக்கல் காட்டில் விட்டுவிட வேண்டும் என்று குதித்தார். மாமியார் விடவில்லை. “அது என்னாடா பண்ணுச்சு? உன் மூஞ்சிய நீதான கொண்டுபோய்க் குடுத்த. வூட்டுல அது பாட்டுக்குக் கெடக்குது.” எனக்காகப் பேசவில்லை, மகன் ஊர் பார்க்க அழுத வெட்கம். இருந்தாலும் கேட்க இனித்தது.
ஆறாம் வகுப்பில் சத்தமே இல்லை. ஒருத்தி மட்டும், “மிஸ், சாருக்கு வலிக்குதுங்களா?” என்றாள்.
“வலிக்கும்” என்றேன்.

2 செப்டம்பர்
துண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறார். இன்று சோறு போட்டதும், நான் பார்க்கவில்லை என்று நினைத்து, குனிந்து தட்டை முகர்ந்து பார்த்தார்.
குழம்பு ஊற்றினேன்.