காறையெலும்புக்கு நீ சொன்ன பெயர்

மச்சான்,

பூந்தமல்லித் தையல்காரர் இன்று காலை எனக்குச் சட்டை அளவெடுத்தார். நாடாவை இடது தோளில் வைத்தவர் கையை நிறுத்திவிட்டு, "அண்ணாத்தே, இந்தப் பக்கம் மேடா கீதே, இன்னா அது?" என்றார்.

"கிளாவிகிள். லத்தீன்" என்றேன். அந்த மொழியில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்; மொத்தமும் தெரிந்தவன்போலச் சொன்னேன். நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. உன் சொல் இன்னும் கடைத்தெருவில் நடமாடுகிறது.

அந்தக் காறையெலும்பு ஒடிந்த கதையை நான் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மிரண்ட காளைகள் இரண்டை ஒற்றைக் கையால் நிறுத்தினேன் என்பது இப்போது வழக்கத்தில் உள்ளது. வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்தேன் என்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து கட்டுப் போட்டவன் நீதானே. எலும்பு சேர்ந்தது. கொஞ்சம் கோணலாகச் சேர்ந்து மேடு தட்டிவிட்டது.

அந்த மேடு எனக்கு நல்லதே செய்தது. இரு முனையிலும் பாரம் தொங்கும் காத்தண்டில் தண்ணீரும் காய்கறியும் சுமக்கிறவர்களுக்குத் தோளில் காய்ப்பு விழும். பெண் கொடுக்கிறவர் மாப்பிள்ளையின் தோளைத் தடவிப் பார்ப்பார். காய்ப்பு இருந்தால் உழைப்பாளி. பாரிவாக்கத்தில் பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா என் தோளைத் தடவிவிட்டு வெற்றிலையை நீட்டினார். நான் எதற்கு மறுத்துப் பேச வேண்டும்?

சண்டைக் காலத்தில் ஆவடிப் பட்டாளக் கிடங்குக்கு மூட்டை தூக்க ஆள் எடுத்தார்கள். வெள்ளைக்கார டாக்டர் சோதித்தார். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல உன்னை அழைத்திருந்தார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் என் வருங்கால மாமனார். டாக்டர் என் தோளைத் தொட்டுப் பார்த்து, எல்லோருக்கும் இருக்கிற காய்ப்பு என்று தலையாட்டினார். இவனை ஹவில்தாராகவே எடுத்துவிடலாமா என்று யோசித்த மாதிரிகூட எனக்குப் பட்டது. நீ இங்கிலீஷில் ஏதோ சொன்னாய், நடுவில் கிளாவிகிள் என்று. வேலை போயிற்று.

மாமனார் உன்னைக் கேட்டார்: "அப்போ அது காய்ப்பு இல்லியா, தம்பி?"

"ஒடிஞ்ச எலும்பு நைனா. மூட்டை தூக்குனா திரும்ப ஒடிஞ்சிபூடும்."

பெண்ணும் போயிற்று என்று நின்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"காத்தண்டு தூக்கறவன் தோள் மாத்தி மாத்தி வெப்பான். ரெண்டு பக்கமும் காய்க்கும். இவனுக்கு ஒரு பக்கந்தான் கீது. தடவும்போதே தெரியும்."

"தெரிஞ்சுமா பொண்ணு குடுக்கறேன்னீங்க?" என்று நீ கேட்டாய்.

"தூக்க என் புள்ளைங்க கீறானுங்க. சந்தையில வாய் தொறந்து விக்கத்தான் ஆள் இல்ல. இவன் அன்னைக்கு மூச்சு வுடாம பேசிகினு இருந்தான். சொத்தைக் கத்திரிக்காயைக்கூட வித்துடுவான்."

திரும்பும் வழியில் வேலை போன கோபத்தில் உனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். நீ என் வலக்கை விரல்களைப் பிடித்து அந்த எலும்பின்மேல் வைத்து, இடக்கையைத் தூக்கச் சொன்னாய். கை ஏற ஏற எலும்பு உள்ளே மெல்லப் புரண்டது.

"பூட்டுல சாவி திரும்பற மாதிரி கீதா? கிளாவிகிள்னா சின்ன சாவின்னு அர்த்தம். உனுக்குக் கோணலா சேந்தும் திரும்புது. பாரம் வெச்சு ஒடச்சுக்காதே, மாமே."

கழுத்தில் காறை கிடக்கும் இடம் என்று நாம் காறையெலும்பு என்கிறோம். நாம் நகையைக் கண்ட இடத்தில் லத்தீன்காரன் சாவியைக் கண்டிருக்கிறான்.

வாந்திபேதிக்காரர்களுக்கு மருந்து கொடுக்கப் போய் நீ அதிலேயே போனாய். நான் சந்தையில் கத்திரிக்காய் விற்கிறேன், சுமப்பது மச்சினன்மார். அவர்களில் ஒருவன் தோள் வலி என்று உட்கார்ந்தால், கையைத் தூக்கச் சொல்லி எலும்பின்மேல் விரல் வைத்துப் பார்க்கிறேன். சரியாகத் திரும்பவில்லை என்றால் காத்தண்டை வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறேன், அன்றைய சந்தை போனாலும். உள்ளே என்ன தட்டுப்படுகிறதோ அதைத்தான் அவனிடம் சொல்கிறேன், கூட்டிச் சொல்வதில்லை.