ஆற்று வளைவில் கேட்ட குரல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலில் வைத்த கம்பியை எடுத்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். படியேற இன்னும் கைப்பிடி வேண்டியிருக்கிறதாமே.

இன்று அதே ரயிலில் அந்த ஆற்றோரக் காட்டுக்குத் தனியாக வந்தேன். நீ வழுக்கி விழுந்த பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அன்று காலையிலிருந்தே உன்மேல் எனக்குக் கடுப்பு. படம் எடுக்கிறேன் என்று பத்தடிக்கு ஒருமுறை நின்றாய். ரயில் போய்விடும் என்று முணுமுணுத்துக்கொண்டே நான் முன்னால் நடந்தேன். வளைவு திரும்பியதும், "ஏய், நில்லுடி!" என்று கத்தினாய். இரண்டாம் முறை கத்தியபோது உன் குரல் வேறு மாதிரி இருந்தது. நான் நிற்கவில்லை. ரயிலைப் பிடித்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, நம் இருவருக்கும் வாங்கிய பிஸ்கட்டை நானே தின்று முடித்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து வனக்காவலர்தான் உன்னைத் தூக்கி வந்தார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டபோது நீதான் குறுக்கே வந்தாய். "அவளைத் திட்டாதீங்க. ஆத்துச் சத்தத்துல அவளுக்கு எப்படிக் கேக்கும்?" நானும் தலையாட்டினேன்.

எனக்குக் கேட்டது, அக்கா. இரண்டு தடவையும்.

எனக்குக் கேட்கவில்லை என்று நம்பித்தான் அப்படிச் சொன்னாயா, என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாயா என்று ஒரு வருஷமாகத் தெரியவில்லை. இரண்டில் எது என்றாலும் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். தனியாகக் கூப்பிட்டுத் திட்டாதே. எல்லோர் முன்னாலும் திட்டு.

உன் தங்கை