ஏழுமலையின் பேருக்கு முன்னால்

18-1-72, செவ்வாய்

பொங்கல் முடிந்தும் தூறல். அட்டைக் கட்டெல்லாம் நமுத்துப்போய்க் கிடக்கிறது. கும்மிடிப்பூண்டியில் அச்சாபீஸ் வைக்கச் சொல்லி யார் அழுதார்கள்?

வாங்க வேண்டியது: சிவப்பு மை. ரோஸ் அட்டை. 'ஞ்' எழுத்து, இருக்கிற ஆறில் நாலு மொக்கை.

வயிற்றெரிச்சல். மோர் மட்டும்.

சரசு கோபித்துக்கொண்டு கடம்பத்தூர் போய் ஒன்பது நாள். கடிதம் இல்லை. கேட்பவர்களிடம் "அம்மா வீட்டில் விசேஷம்" என்கிறேன். என் வாய்தான் விசேஷம்.

20-1, வியாழன்

கல்யாண ஆர்டர் ஒன்று. மாசியில் முகூர்த்தம். மாப்பிள்ளை காட்டுப்பள்ளி, பெண் ஏரிக்கரைக் குப்பம். இரண்டும் மீன்பிடிக் குடும்பம். மாப்பிள்ளையின் பெரியப்பாவும் பெண்ணின் அம்மா நாகம்மாவும் சேர்ந்தே வந்தார்கள். மகள் தனலட்சுமியும் கூட.

பெண்ணுக்கு ரோஸ் அட்டையில் பச்சை எழுத்து வேண்டுமாம். கண் கூசும் என்றேன். கூசட்டும் என்றாள். சரி. மேலே பிள்ளையார் பிளாக், ஓரத்தில் மாவிலை பார்டர், கீழே இரண்டு குத்துவிளக்கு. பேர்களுக்குப் பெரிய எழுத்து. தும்பிக்கை வைத்த 'லை' பெரிய சைஸில் ஒன்றே ஒன்று. பெண்ணின் அப்பா பேர் ஏழுமலை. நல்லவேளை, வேறு மலை யாரும் இல்லை.

பெரியப்பா எழுதிக் கொண்டுவந்த காகிதத்தில் 'காலஞ்சென்ற ஏழுமலை அவர்களின் குமாரத்தி'. படித்துக் காட்டினேன். நாகம்மா எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். நெற்றியில் எட்டணா அளவு பொட்டு, தலையில் கனகாம்பரம். அப்போதுதான் கவனித்தேன்.

22-1, சனி

வெயில். அட்டைகளை வெளியே பரப்பினேன்.

நாகம்மா தனியாக வந்தாள். ஆறு வருஷத்துக்கு முன் ஐப்பசிப் புயலில் கடலுக்குப் போனவர் ஏழுமலை. கட்டுமரம் இரண்டு துண்டாகக் கரை ஒதுங்கியது. ஆள் இல்லை. உடம்பும் இல்லை. அதனால் இவள் தாலியைக் கழற்றவில்லை. ஊரும் வற்புறுத்தவில்லை. பத்திரிகையில் அந்தச் சொல் ஏறிவிட்டால் மகளை மணவறைக்குக் கைப்பிடித்து அழைத்துப் போக முடியாது, ஓரமாகத்தான் நிற்க வேண்டும்.

"அவுரு செத்தத எவன் பாத்தான் மொதலாளி? நீங்க அச்சு போட்டாத்தான் சாவாரு."

மாதம் பத்துக் கருமாதிப் பத்திரிகை போடுகிறேன். அந்தச் சொல்லின் ஈய எழுத்துகளை நூல் சுற்றிக் கட்டியே வைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கோக்கச் சோம்பல்பட்டு. அதற்கு இப்படி ஒரு கனம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

23-1, ஞாயிறு

யோசனை வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்கு முந்நூறு, சொல்லோடு. குப்பத்துக்கு நூறு, சொல் இல்லாமல். அங்கே இருப்பது இங்கே யாருக்குத் தெரியப்போகிறது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். சரசு இருந்திருந்தால் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன்.

25-1, செவ்வாய்

நானூறும் முடிந்தது. கால் வலி, மிஷினை மிதித்து மிதித்து. தனலட்சுமி வந்து நூறை வாங்கிப் போனாள். பச்சை நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சொல் இல்லையென்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்று சிரித்தாள். வழியில் நின்று ஒன்றை எடுத்து மறுபடி படித்தாள்.

30-1, ஞாயிறு

நான் ஒரு முட்டாள். பதினேழு வருஷமாகக் குப்பங்களுக்குப் பத்திரிகை அடிக்கிறவன், இதை மறக்கலாமா? மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துப் பெண் வீட்டுக்கு எடுத்து வருவார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அதை உரக்கப் படிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை படித்திருக்கிறார்கள்.

தனலட்சுமி வந்து சொன்னாள். அழவில்லை. பெரியப்பா மேல் தப்பில்லை என்றாள். என் மேலும் இல்லை என்றாள். அதுதான் தாங்கவில்லை.

"படிச்சி முடிக்கிறவரைக்கும் அம்மா நின்னுகினு இருந்துது. அப்பால தண்ணித் தொட்டியாண்ட போயி மூஞ்சி கழுவிச்சி. நைனா பேர இன்னொரு தபா படிங்கன்னு கேட்டுச்சி."

கல்யாணம் நிற்கவில்லை. சரசுக்கு இரண்டு வரி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

1-2, செவ்வாய்

காலையில் கதவைத் திறக்கும்போதே நாகம்மா வாசலில். நெற்றி வெறுமை. கழுத்தும். கையில் அந்த நூறு அட்டை, யாருக்கும் கொடுக்காத கட்டு.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையமர்த்தினாள்.

"ஆறு வருசமா எவளும் என் எதிர அந்த வார்த்தய சொல்லல மொதலாளி. என்னப் பாத்தா பேச்ச நிறுத்திடுவாளுங்க. இப்ப ஊரே கேட்டுட்டாங்க. எங்கூட்டு அட்டையில மட்டும் இல்லாங்காட்டி, பொய் சொன்னேன்னு ஆவும். இதுலயும் போட்டுக் குடுங்க."

புதிதாக அடித்துத் தருகிறேன் என்றேன். இதிலேயே போடுங்கள், மகள் ஆசைப்பட்ட அட்டை என்றாள். போடலாம்தான். அன்றைக்கு வரியைத் திருத்தச் சோம்பல்பட்டு, எடுத்த சொல்லின் இடத்தில் எழுத்தில்லாத வெறும் ஈயத்தை வைத்து அடித்திருந்தேன். இடம் அப்படியே இருந்தது.

ஒவ்வோர் அட்டையாக வைத்து அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்தேன். பச்சை கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, வாங்கி வாங்கி, ஈரம் போக ஊதி அடுக்கினாள். பாதியில் நிறுத்தி, தனக்குப் படிக்கத் தெரியாது, அந்தச் சொல் எதுவரைக்கும், அவர் பேர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன்.

அதற்கப்புறம் அந்தச் சொல்லின் மேல் மட்டும் ஊதினாள். பேரின் மேல் காற்றுப் படாதபடி விரல் வைத்து மூடிக்கொண்டு.