இரண்டு ஆழாக்கு மாவு

என் அருமைப் பிலோமிக்கு,

நீ போய் முப்பது நாள் ஆகிவிட்டது. நேற்று கோயிலில் உனக்காகப் பூசை வைத்தோம். எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது மனசு, கிள்ளினாலும் தெரியமாட்டேன் என்கிறது.

குட்டியைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ படுத்திருந்தபோது, "நீங்க ஸ்டேஷனுக்கு வேலைக்குப் போயிட்டா வூட்ல ஒரு உசுரு இருக்கட்டும்ங்க" என்று பென்னாகரத்திலிருந்து உன் தம்பியை விட்டுக் கொண்டுவரச் சொன்னாயே, அந்த நாய்க்குட்டிதான். ஒன்றரை மாதக் குட்டியாக வந்தது. அதற்கு எவ்வளவு போட வேண்டும் என்று நீ சொல்லவில்லை. அதற்குள் உனக்கு என்ன அவசரம்?

நீ படுத்த நாளிலிருந்து களி கிண்டுவது நான்தானே. இரண்டு ஆழாக்கு மாவு, இரண்டு உருண்டை. என் கைக்குத் தெரிந்த அளவு அது ஒன்றுதான். நீ போன பிறகும் அப்படியே கிண்டினேன். உன் உருண்டையைத் தட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். பிறகு குட்டிக்குப் போடுவேன். அது மிச்சம் வைத்ததே இல்லை. வளரும் பிள்ளை, தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை வயிறு உப்பிப் படுத்துவிட்டது. இரண்டு முறை வாந்தி. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தது. இதுவும் போகப்போகிறது என்று நினைத்தேன். மனசு அதற்கும் அசையவில்லை. கோணிப்பையில் சுற்றிக்கொண்டு கடத்தூர் பஸ் ஏறினேன்.

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"என்னங்க போட்டீங்க இதுக்கு?"

"களி உருண்டைங்க. ரெண்டு வேளையும் ஒண்ணு."

"அது பெரியாளு சாப்படறதுங்க. வூட்ல எத்தினி பேருக்குக் கிண்டறீங்க?"

"ரெண்டு பேருக்குங்க."

"அப்ப வூட்டம்மாகிட்ட சொல்லி..."

"அவ இல்லீங்க. செத்துட்டா."

ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரிடமும் நான் சொல்ல வேண்டி வரவில்லை. வாயைத் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் குட்டியின் வாயில் மருந்தை ஊற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இன்னிக்குத் தண்ணி மட்டும் குடுங்க. நாளையிலிருந்து எலுமிச்சங்கா அளவு களிய மோர்ல கரைச்சி, ஒரு நாளைக்கு நாலு வாட்டி. அது கேக்குதுன்னு போடாதீங்க. வாரம் ஒருக்கா விலாவத் தடவிப் பாருங்க. எலும்பு கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா கொஞ்சம் கூட்டுங்க. தட்டுப்படலன்னா குறைங்க."

பிழைக்குமா என்று கேட்டேன். அளவோடு போட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றார்.

சாயங்காலம் எழுந்து தண்ணீர் குடித்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதமாக உன் சாப்பாட்டை அதன் வயிற்றில் திணித்திருக்கிறேன், பிலோமி. கடைசி நாட்களில் உனக்கும் வாயில் வைத்துத் திணித்தேனே, நீ வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்ட ஆட்ட. அப்போது உனக்கு வலித்ததா?

நாளைக் காலை எனக்கு ஒரு ஆழாக்கு, குட்டிக்கு ஒரு பிடி, அவ்வளவுதான் உலையில் போடுவேன். இனி உனக்கு மாவு அளக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
அருளப்பன்,
மொரப்பூர்.