பல் கோணிய புழுக்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். ஆய்வுக்காகச் சேற்றில் வாழும் பூச்சிப் புழு பிடிக்கப் போய் ஆற்றில் இடுப்பளவு நனைந்தேன்; சளிகூடப் பிடிக்கவில்லை, கவலைப்படாதீர்கள்.

ஆற்றோர முலாம் பூசும் ஆலையின் மேலாளர், எங்கள் ஆய்வு பற்றிக் கேள்விப்பட்டு, ஆய்வகத்துக்கே சண்டைக்கு வந்துவிட்டார். "தண்ணிய சோதிச்சாச்சு, சுத்தமா இருக்கு. புழுவ வச்சு எங்கள மூடப் பாக்கறீங்களா?" என்று கத்தினார். எங்கள் பேராசிரியை என்னைப் பார்த்தார். நான் அசரவில்லை.

"தண்ணி ஓடிடும் சார். புழு சேத்துலயே வளருது. அங்க தங்குற ஈயமும் காட்மியமும் அதோட பல்லக் கோணலாக்கிடும். நீங்களே பாருங்க."

ஆலைக்கு மேலே, ஆறு வரும் பக்கம் பிடித்த புழுவை முதலில் நுண்ணோக்கியில் காட்டினேன். சீப்பு போல வரிசையான பற்கள். ஆலையைத் தாண்டிக் கீழே பிடித்ததற்குப் பற்கள் கோணி, நடுவில் ஒன்று இல்லவே இல்லை. அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"என் பொண்ணு இந்த ஆத்துலதான் நீச்சல் கத்துக்கறா" என்றார் மெதுவாக.

மறுநாளே கழிவுக் குழாயை அடைக்கச் சொல்லிவிட்டார். சுத்திகரிப்பைச் சரிசெய்த பிறகுதான் திறப்பார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை!

அப்பா, தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். பெட்டியின் மேல் முகவரியைக் கடையில் அச்சடிக்காமல் உங்கள் கையாலேயே எழுதுங்கள். வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தபால்காரருக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை. இங்கே யாருக்கும் அது தெரியாது.

பேருந்து வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
வாலு